அக்கா வாங்கிய நூறு

போன மாதம் நம் ஐந்தாம் வகுப்புப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். பள்ளியில் புதுக் கட்டடம் திறந்தபோது எடுத்த படம். வேப்பமரத்தடியில் மூன்று வரிசையாக இருக்கிறோம். முதல் வரிசையில் வலது ஓரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முகம் உப்பி, கண் பாதி மூடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி வட்டம் போட்டு, "இது யாரு? நம்ம செட்டு மாதிரி தெரியலையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே இன்னொருவர் "ஓணான்!" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள்.

நான் வழக்கம்போல ஒன்றும் எழுதவில்லை. வகுப்பில் எப்படி இருந்தேனோ குழுவிலும் அப்படித்தான் இருக்கிறேன். பண்டிகைக்கு வாழ்த்துப் போட்டால் திருப்பி ஒரு கும்பிடு போடுவேன். அதற்கு மேல் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நிறுத்தியவன், டிராக்டர் ஓட்டுகிறவன். இதை எழுதவே ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அவள் என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஓணான் என்ற பெயரை வைத்தது நான்தான்.

அது எப்படி என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இடைவேளையில் நாம் எல்லாரும் நிழலுக்கு ஓடுவோம். அவள் மட்டும் கொடிக்கம்பத்து மேடையில் நல்ல வெயிலில் போய் உட்காருவாள். அவளுக்கு எப்போதும் குளிரும். கழுத்தின் முன்பக்கம் லேசாக வீங்கியிருக்கும். "உன் அக்கா உன்கூடவே படிக்குதா? அடுத்த வருஷம் உனக்குக் கீழே போயிருமா?" என்று நீங்கள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தீர்கள். என்னை விட்டு உங்கள் பார்வையைத் திருப்ப வேண்டும்போல இருந்தது. "எங்க வீட்டு ஓணான் வெயில் காயுது பாருங்கடா" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் ஒருவன் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு, ஓணான் பிடிப்பதுபோல அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் இப்போது குழுவில் இருக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை. சுருக்கைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

அக்கா ஒன்பது வயதுவரை எல்லாரையும் போலத்தான் இருந்தாள். மதகுக் கட்டையிலிருந்து வாய்க்காலில் தலைகீழாகக் குதிப்பாள். எப்போது மாறத் தொடங்கினாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மெதுவாக நடந்தாள், மெதுவாகப் பேசினாள். கரும்பலகையில் எழுதியதை அவள் ஒரு வரி பார்த்து எழுதுவதற்குள் வாத்தியார் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். குரல் கரகரத்தது. தோல் வறண்டு, குதிகால் வெடித்தது. நான்காவதில் இரண்டு வருடமும் ஐந்தாவதில் ஒரு வருடமும் தங்கிப்போய், கடைசியில் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். வளர்வதும் நின்றிருந்தது. பக்கத்தில் நின்றால் நான் அவளைவிட அரை விரல் உயரமாக இருப்பேன்.

"தின்னுட்டுத் தூங்கினா உடம்பு ஊதாம என்ன செய்யும்?" என்பாள் அம்மா. அக்கா என்னில் பாதிகூடச் சாப்பிட மாட்டாள். அதை அம்மா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அப்படித்தான் சொன்னாள். அடுத்த வீட்டு அத்தை, "பெரிய மனுஷி ஆகப்போறா, அதான் இப்படி. ஆயிட்டா சரியாயிரும்" என்பாள். அப்பா துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் குத்தகை நிலம், இரண்டு ஆடு, நாங்கள் இருவர், எல்லாவற்றுக்கும் அம்மா ஒருத்திதான்.

அந்த வருடம் ஆனி மாதம் தடுப்பூசி போடப் பள்ளிக்கு வந்த நர்சம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அக்காவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. "ஏண்டி இப்படி ஜில்லுன்னு இருக்க? எச்சிலை முழுங்கு. இன்னொரு தடவை முழுங்கு" என்று கழுத்தையே பார்த்தார். சாயந்திரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. தைராய்டா இருக்கும்னு தோணுது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க."

பார்த்தோம். டாக்டர் எழுதிக் கொடுக்க, அதே தெருவில் இருந்த லேப்பில் ரத்தம் எடுத்தார்கள். நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அக்கா கையை நீட்டியபடியே இருந்தாள். இந்தச் சோதனை இங்கே செய்ய முடியாது, ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார் லேப்காரர். பேருந்தில் திரும்பி வரும்போது அக்கா என் காதில், "என் ரத்தம் மெட்ராஸ் போகுதுடா. நானே இன்னும் போனதில்ல" என்றாள்.

அம்மா அன்றே ஒரு முடிவைச் சொல்லிவிட்டாள். "நோயின்னு வந்தா மருந்து குடுத்து எப்படியாவது அஞ்சாவதைத் தாண்ட வைக்கிறேன். நோயில்லன்னு வந்தா படிச்சது போதும். ஆட்டை ஓட்டிக்கிட்டு வீட்டோட இருக்கட்டும்."

இந்த வார்த்தையைத்தான் நான் பத்து நாளும் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு வாத்தியாரின் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. வாய்ப்பாடு கேட்பார். சொல்லத் தெரியாதவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். சொல்லத் தெரிந்தவன் வந்து அத்தனை பேர் தலையிலும் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் அவனுக்கு வாத்தியார் குட்டுவார். அந்த வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை நான் சொல்லிவிட்டேன். நின்றிருந்த ஏழு பேரில் கடைசி ஆள் அக்கா.

ஆறு பேரைக் குட்டிவிட்டு நான் நின்றேன். "என்னடா, ஒறவுமொறை பாக்குறியா?" என்றார் வாத்தியார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நான் கையை ஓங்கி, ஆறு பேருக்கும் குட்டியதைவிடப் பலமாகக் குட்டினேன். அக்காவுக்கு அப்போது முடி கொட்டி வகிடு அகலமாகத் தெரியும். விரல் மொட்டை எலும்பில் பட்டதுபோல இருந்தது. அவள் தலையைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில், "நல்லாத்தான்டா குட்டுற, வாத்தியார் தோத்தாரு" என்றாள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவள் இனிமேல் என் வகுப்பில் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மா சேற்றைவிட்டு வர முடியாது. ரிப்போர்ட்டை வாங்கிவர என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

லேப்பில் ஸ்பிரிட் வாடை. லேப்காரர் மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியவங்க யாரும் வரலையா என்று கேட்டார். இல்லை என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, டைப் அடித்த தாளை என் முன்னால் விரித்தார்.

"எத்தனாவது படிக்கிற?"

"அஞ்சாவது."

"அப்ப எண் படிக்கத் தெரியுமில்ல? இங்க பாரு. இது உங்க அக்கா ரத்தத்துல இருக்கிறது. பக்கத்துல இருக்கே, அது எவ்வளவு இருக்கணுங்கிறது. அஞ்சுக்குள்ள இருக்கணும். அக்காவுக்கு நூறைத் தாண்டிருச்சு. அதுக்கு மேல மிஷினுக்கே எண்ண முடியல. அதான் நூத்துக்கு மேலன்னு மட்டும் போட்டு விட்டிருக்காங்க. கூடுனா நல்லதுன்னு நெனச்சுடாத. இது பரீட்சை மார்க் இல்ல. என்ன?"

"சரிங்க."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தார். முந்தின நாள் தாள் கிழிக்காமல் இருந்தது. அதைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார்: 'அவசரம். உடனே டாக்டரைப் பார்க்கவும். மருந்து தொடங்க வேண்டும்.' கீழே கோடு போட்டார். "இதை யார்கிட்டயாவது குடுத்து அம்மாவுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு. நாளைக்கே வரச் சொல்லு. ரொம்ப முக்கியம் தம்பி." ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டார். காலண்டர் தாளை என் சட்டைப் பையில் அவரே வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

பேருந்தில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அவர் எழுத்து. மறுபக்கம் வெள்ளிக்கிழமை. கீழே பொடி எழுத்தில் ராசிபலன். என் ராசிக்கு 'ஜெயம்' என்று போட்டிருந்தது.

நம் ஊர்ப் பாலத்தில் இறங்கினேன். வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். தாள் கையில் இருந்தது. நழுவிவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நழுவவில்லை. விரலைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை மேலே தெரிய அது மிதந்தது. மதகு ஓரம் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விட்டது.

வயலில் பத்துப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் இரண்டு கையிலும் சேறு. தாளைத் தொட முடியாமல் வரப்பருகே வந்து நின்றாள்.

"என்னடா போட்டிருக்கு?"

"அக்கா நூத்துக்கு மேல வாங்கியிருக்கு."

"அப்படின்னா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லையாம். லேப்புல சொன்னாங்க."

நடவு வரிசையிலிருந்து ஒருத்தி நிமிர்ந்து, "அப்ப நோவு இல்ல. ஒடம்பு வளையல, அவ்வளவுதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் தெளிந்ததுபோலவும் இருந்தது, விழுந்ததுபோலவும் இருந்தது. "சரி, திங்கக்கெழமையில இருந்து ஆட்டை ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குனிந்தாள்.

சாயந்திரம் அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "நெசமாவாடா? நூத்துக்கு மேலயா? எங்க, காட்டு." தாளை விரித்தேன். அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். எந்தப் பரீட்சையிலும் முப்பதைத் தாண்டாதவள். விரலை எடுக்கவே மனமில்லாமல் வைத்திருந்தாள். பிறகு அவளால் முடிந்த வேகத்தில் அடுத்த வீட்டுக்குப் போய், "அத்தை, எனக்கு ரத்தத்துல நூத்துக்கு மேல!" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அப்பாவிடம், "ரத்தமெல்லாம் பாத்தாச்சுங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, உங்க மவளுக்குப் படிப்புதான் ஏறல" என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, பெட்டியில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைக் கேட்டிருக்கக்கூடிய நர்சம்மாவும் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள். அடைமழை விட்டிருந்தது. அக்கா ஆட்டை மேயவிட்டு மேட்டிலேயே தூங்கிவிட்டாள். ஆடுகள் அடுத்தவர் சம்பா வயலில் இறங்கிவிட்டன. வயல்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். அம்மா பூவரசு மிளாறை ஒடித்துக்கொண்டு வந்து அக்காவை அடித்தாள். "நோவா நொடியா, எதுக்குடி இந்தத் தூக்கம்? எதுக்குடி?" அடிக்கிற அம்மாதான் அழுதாள். அக்கா அழவில்லை. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே, "தூக்கம் வருதும்மா" என்றாள். அதைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "அம்மா" என்றேன்.

"என்னடா?"

"பசிக்குது."

மார்கழியில் அவள் முகம் இன்னும் உப்பியது. பேச ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வருவதற்குள் கேட்கிறவர்கள் போய்விடுவார்கள். தினமும் பார்க்கிற எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு அப்பா வந்தார். இரண்டு பெட்டி, ஒரு டேப் ரிக்கார்டர். வாசல் நிறைய ஆட்கள். அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா வாங்கிக் குடித்துக்கொண்டே அவள் போட்டிருந்த கவுனைப் பார்த்தார். நீலக் கவுன், கழுத்தில் வெள்ளை லேஸ். குடிப்பதை நிறுத்தினார்.

"இது நான் போன தடவை வாங்கிட்டு வந்தது இல்ல? வளர்ற பிள்ளைன்னு பெருசா வாங்குனேனே. ரெண்டு வருஷமா இதே கவுனா சேருது?"

செம்பைக் கீழே வைத்தார். இந்த முறை வாங்கிவந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். அது தரையைத் தொட்டது. "ரத்தம் பாத்த பேப்பரை எடு" என்றார்.

அப்பாவும் எட்டாவதுவரைதான். ஆனால் துபாய்க்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல் எடுக்காமல் விசா கிடைக்காது. மூன்று தடவை அந்த வரிசையில் நின்றவர். அந்தத் தாளில் இரண்டு பத்தி இருக்கும், ஒன்று நம்முடையது, ஒன்று இருக்க வேண்டியது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ரிப்போர்ட்டைப் பிரித்தவர், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "பக்கத்துலயே போட்டிருக்கே, அஞ்சுன்னு! இதைப் பாத்தா நல்லா இருக்குன்னு சொன்னாங்க?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது எனக்கு லேப்காரர் சொன்னதே கைகொடுத்தது. எதை நினைக்காதே என்று அவர் சொன்னாரோ, அதையே எடுத்துச் சொன்னேன்.

"நூறுன்னா நல்ல மார்க்குன்னு நெனச்சேன்பா."

அம்மா என்னைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "பச்சப் புள்ள, அதுக்கு என்னங்க தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத முண்டம் நான். என்னைச் சொல்லுங்க." அப்பா அவளைத்தான் சொன்னார். நிறையச் சொன்னார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டில் தேதியைப் பார்த்ததும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அம்மா, "கூடுனா கெடுதல்னு தெரியாதுங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் கொஞ்சம் தணிந்து விளக்கினார்.

"உங்களுக்கு வயல் இருக்கில்ல? வாய்க்கால்ல தண்ணி வரலன்னா மதகு பாக்குற லஸ்கர்கிட்ட ஆள் அனுப்புவீங்க. அப்பவும் வரலன்னா இன்னும் ரெண்டு ஆள் அனுப்புவீங்க. கழுத்துல இருக்கிற சுரப்பி வேலை செய்யல. வேலை செய், வேலை செய்னு மூளை ஆள் மேல ஆள் அனுப்புது. அப்படிப் போன ஆளுங்க எண்ணிக்கைதான் இந்த நூறு. தண்ணி வந்துட்டா ஆள் அனுப்ப வேண்டியதில்ல, எண்ணும் தானா இறங்கிரும்." பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "வளர்ற வயசும்மா. இதுல ஒரு மாசம் போனாலும் போனதுதான். லேப்ல யாரும் சொல்லலையா?"

"சொல்லலை" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

அப்பா நேராக லேப்புக்குப் போனார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஒரு புள்ளைகிட்ட பேப்பரை மட்டும் குடுத்து அனுப்புவீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். லேப்காரர், "சொன்னேனே சார். எழுதியும் குடுத்தேனே" என்றார். "சின்னப் புள்ள பொய் சொல்லுமா?" என்றார் அப்பா. லேப்காரர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்ல சார், என் தப்புதான். நானே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

கூடப்பிறந்தவனுக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம், சில குடும்பத்தில் இது சேர்ந்து வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதே லேப்காரர்தான் எனக்கும் ரத்தம் எடுத்தார். வலிக்காமல் எடுத்தார். எனக்கு இரண்டு என்று வந்தது. "டேய், நீ வெறும் ரெண்டு. நான் நூறு" என்று அக்கா சிரித்தாள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அவ்வளவுதான் மருந்து. பங்குனி பிறந்து சில நாளில் அக்கா கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். ஓடி வந்தாள் என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. "அம்மா, இங்க பாரு! எனக்கு வேர்க்குதும்மா!" நெற்றியில், மேலுதட்டில், பொடிப்பொடியாக வியர்வை. அம்மா முந்தானையால் துடைக்கப்போனவள், துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எல்லாரும் சந்தோஷப்பட்ட அந்த நேரத்தில் நான் ஆட்டுக் கொட்டகையில் போய் நின்றுகொண்டேன்.

அக்கா அதற்குப் பிறகு வளர்ந்தாள், ஆனால் கொஞ்சம்தான். இப்போதும் என் தோளுக்குக் கீழேதான் இருக்கிறாள். பதினாறு வயதில் பெரியவளானாள். பள்ளியில் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். பதினாலு வயதில் அஞ்சாவதில் போய் உட்கார அவளும் சம்மதிக்கவில்லை. அந்த ஜூன் மாதம் என்னை ஆறாவதில் சேர்க்கப் புதுப் பை வாங்கினார்கள். நான் போகமாட்டேன் என்றேன். அடித்தும் பார்த்தார்கள். நான் நல்லவன் என்பதால் இல்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பையை மாட்டிக்கொண்டு நடக்க எனக்கு முகம் இல்லை. நான் ஏன் உங்களோடு ஆறாவதுக்கு வரவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம்.

இப்போது அவள் திருக்காட்டுப்பள்ளியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். இருபத்து மூன்று கடை. எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட், எது திரும்பி வந்தது, எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். அவளுக்குப் படிப்பு ஏறாது என்று சொன்ன அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். போவதற்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில், "எனக்கு நாலு எழுத்துத் தெரிஞ்சிருந்தா இந்தப் புள்ளைக்கு இப்படி ஆகியிருக்குமா?" என்று என்னிடம்தான் கேட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாணம் காதுகுத்து என்று கூடினால் யாராவது ஆரம்பிப்பார்கள்: "நூறுன்னா நல்ல மார்க்குன்னு நெனச்சானாம் பயல்!" எல்லாரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரிப்பது அக்காதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது நான். மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிவந்து கொடுப்பதும் நான். முப்பது வருடமாக வேறு யாரையும் அதைச் செய்ய விட்டதில்லை. கொண்டுவந்து கொடுத்ததும், "எத்தனைடா மார்க்?" என்பாள். "ரெண்டரை" என்பேன். "ஃபெயிலா!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மாவு மிஷினைப் போடுவாள்.

நீங்கள் படம் போட்ட மறுவாரம் பரிசோதனை நாள் வந்தது. லேப் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே எழுதியிருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஓணான். யாரு வெச்ச பேருடா இது? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நான்தான்" என்றேன். அதோடு நிற்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லேப்காரர் சொன்னது, காலண்டர் தாள், பாலம், விரலைத் திறந்தது, எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துச் சொன்னேன்.

அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அது ஆடியா?" என்றாள்.

"ஆடி."

விரலை மடக்கினாள். "ஆவணி. பொரட்டாசி. ஐப்பசி." ஐப்பசியில் கொஞ்சம் நின்றாள். "கார்த்திகை. மார்கழி." ஒரு கை முடிந்துவிட்டது. அடுத்த கையில் கட்டைவிரலை மடக்கி, "தை" என்றாள். மடக்கிய விரல்களை அப்படியே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருப்பதுபோலவே.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ம்."

உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். கதவு திறந்தே இருந்தது. கையை நீட்டிக்கொண்டு, ஊசி ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். சாயந்திரம் ரிப்போர்ட் வாங்குவதற்கான சீட்டை நான் வழக்கம்போல மேசையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவள் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடு. நானே வாங்கிக்கிறேன்."

கொடுத்தேன். அதை நான்காக மடித்துத் தன் பர்சில் வைத்து மூடினாள். தனியாக நடந்து போய் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

குழுவில் அந்தப் பெயரை எழுதியவர் அதை எடுத்துவிட்டால் நல்லது. யாரு என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

அன்று சாயந்திரம் அவள் லேப்புக்குப் போனாளாம். கவுன்டரில் இருந்த பெண்ணை எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாளாம். லேப்புக்குப் பக்கத்தில் அவளிடம் மாவு வாங்கும் கடைக்காரர் ஒருவர் சொன்னார். எத்தனை வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.